பிரெஞ்சுக் கோட்டையில் குடும்பத்தோடு ஓரிரவு: முதல் தடவை போகிறவர்களுக்கு

நாங்கள் முதன்முதலாக ஒரு ஷாத்தோவில், அதாவது பிரெஞ்சுக் கோட்டையில், தங்கப் போனபோது, போய்ச் சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. பகல் முழுக்க மூன்று அரண்மனைகளைச் சுற்றியிருந்தோம். வழியும் ஒரு தடவை தவறிப்போனது. பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இரும்புக் கேட் சாத்தியிருந்தது. அதைத் திறக்கும் எண் காலையில் வந்த மின்னஞ்சலில் இருந்தது, அந்த இடத்திலோ சிக்னல் இல்லை. எப்படியோ உள்ளே போனால் சமையலறையை மூடிவிட்டார்கள். பையில் இருந்த முறுக்கையும் இரண்டு ஆப்பிளையும் பகிர்ந்து தின்றுவிட்டுப் படுத்தோம். காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தால் கீழே அகழி, அதில் வாத்துகள், அப்பால் வரிசை பிசகாமல் நிற்கும் மரங்கள். ரசிக்க நேரமில்லை. குளிக்க, பெட்டி கட்ட, காலை உணவுக்கு ஓட, பதினொரு மணிக்குச் சாவியைக் கொடுக்க என்று பொழுது போய்விட்டது.

மாலை நான்கு மணிக்கு அறை கிடைத்தால் மறுநாள் பதினொரு மணி வரை 19 மணி நேரம். ஷாத்தோவில் காசு கொடுத்து வாங்குவது அந்த 19 மணி நேரத்தைத்தான். அதில் ஐந்தரை மணி நேரத்தை நாங்கள் வெளியிலேயே தொலைத்தோம். அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயாயிற்று, ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரோடும். கீழே இருப்பதெல்லாம் அப்படித் தட்டித் தடுமாறிக் கற்றது.

1. எந்த மாதிரி வீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஷாத்தோ என்ற பிரெஞ்சுச் சொல்லை நாம் கோட்டை என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் நிறைய அடங்கும். அகழியும் கொத்தளமும் உள்ள போர்க்கோட்டையும் ஷாத்தோ, அரசர் வேட்டைக்கு வந்து தங்கிய அரண்மனையும் ஷாத்தோ, நூறு வருடத்துக்கு முன் ஒரு பணக்காரர் ஆசைக்குக் கட்டிய மாளிகையும் ஷாத்தோ. போர்தோ பக்கம் திராட்சைத் தோட்டத்து வீட்டையே அப்படித்தான் அழைக்கிறார்கள். பிள்ளைகளிடம் "கோட்டைக்குப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, கோபுரமே இல்லாத வெள்ளை மாளிகையின் முன் காரை நிறுத்தினால் முகம் வாடிவிடும். படத்தைக் காட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

முதல் தடவைக்கு லுவார் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். சுல்லி என்ற ஊருக்கும் ஷலோன் என்ற ஊருக்கும் நடுவே, லுவார் ஆற்றை ஒட்டிய சுமார் 280 கிலோமீட்டர் நிலப்பகுதியை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஷம்போர், ஷெனோன்ஸோ, அம்புவாஸ், அஸே-லெ-ரிதோ, வில்லாந்த்ரி என்று பெயர்பெற்ற அரண்மனைகள் எல்லாம் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெரிய பெயர்களில் தங்க முடியாது. பகலில் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வர வேண்டியவை. தங்குகிற ஷாத்தோக்கள் இவற்றைச் சுற்றிக் கிராமங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன.

அவற்றிலும் இரண்டு வகை. ஒன்று ஓட்டல். வரவேற்பு மேசை, உணவகம், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் இருக்கும். வாசனைத் திரவிய வியாபாரத்தில் கோடிகள் சேர்த்த பிரான்சுவா கோத்தி 1912இல் கட்டத் தொடங்கிய அர்த்தீன்யி மாளிகை இன்று இப்படி ஒரு ஓட்டல். ஷம்போர் அரண்மனைக்கு நேர் எதிரே, முன்பு அரச வேட்டை நாய்களை அடைத்து வைத்த கட்டடம் இருந்த இடத்தில், இன்னொன்று இருக்கிறது. பகல் கூட்டம் கலைந்தபின் ஷம்போரைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஈடில்லை.

இன்னொரு வகைக்குப் பெயர் ஷாம்ப்ர் தோத். வீட்டுக்காரரே அதே ஷாத்தோவில் குடியிருப்பார். சில அறைகளை மட்டும் விருந்தாளிகளுக்கு விடுவார். சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் விடக் கூடாது, ஒரே சமயத்தில் பதினைந்து பேருக்கு மேல் தங்க வைக்கவும் கூடாது. காலை உணவு வாடகையிலேயே சேர்த்தி. பிரான்ஸிலேயே உயரமான ஷாத்தோ என்று பெயர் வாங்கிய, ஏழு மாடியும் 204 அறைகளும் உள்ள பிரிஸ்ஸாக்கில்கூட பிரபு குடும்பம் இப்படிச் சில அறைகளை விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறது. 1502இலிருந்து அந்த வீடு அவர்கள் கையில் இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை. ஓட்டலில் பிள்ளை சத்தம் போட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே வீட்டுக்கார அம்மா கோழிக்கூண்டைத் திறந்து முட்டை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். வாடகையும் குறைவு: இருவர் அறைக்கு பெரும்பாலும் 120 யூரோவிலிருந்து 250 வரை. நல்ல ஷாத்தோ ஓட்டல் என்றால் சீசனில் 250க்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். காலை உணவு தனி, தலைக்கு 20 முதல் 30 யூரோ.

இத்தனை கோட்டைகள் ஏன் ஓட்டலாயின என்று மாமியார் கேட்டார். கூரைதான் காரணம் என்று வீட்டுக்காரர் ஒருவர் மேலே கையைக் காட்டினார். இந்தப் பக்கத்துக் கூரைகளெல்லாம் கருநீலக் கற்பலகை ஓடு. அரை ஏக்கர் கூரையை மாற்றுவதென்றால் ஒரு தலைமுறையின் சேமிப்பு போய்விடுமாம். அதோடு வாரிசு வரி வேறு. அறைகளை வாடகைக்கு விட்டுத்தான் மழையை வெளியே வைத்திருக்கிறார்கள்.

2. தேதி: செவ்வாய் முதல் வியாழன்

எல்லாரும் சனிக்கிழமையைத் தேடுவார்கள். நீங்கள் தேடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை ஷாத்தோக்களில் கல்யாணம் நடக்கும். பிரெஞ்சுக் கல்யாணத்தில் விருந்து முடிந்து ஆட்டம் தொடங்கவே நள்ளிரவு ஆகும், ஓய விடிந்துவிடும். உங்கள் அறைக்குக் கீழேதான் நடன மண்டபம் என்றால் 1500களில் கட்டிய மரத்தளம் அந்தத் தாளத்தை அப்படியே கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வேறு வழியில்லாமல் சனிக்கிழமைதான் என்றால் "அன்று மரியாஜ் இருக்கிறதா?" என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, ஞாயிறு இரவு? வாடகை இறங்கும். ஆனால் கிராமத்து உணவகங்களில் பாதிக்கு மேல் ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை. ஷாத்தோவின் சொந்த உணவகமும் மூடியிருக்கலாம். கடைகளும் ஞாயிறு மதியத்தோடு சரி. ஆகவே செவ்வாய், புதன், வியாழன். வாடகையும் குறைவு, அடுப்பும் எரியும்.

மாதம் என்று பார்த்தால் மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும், சாப்பிட்டு முடித்த பிறகும் தோட்டத்தில் நடக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் பல இடங்கள் கதவையே சாத்திவிடுவார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரக் கடைசியில் பாரம்பரிய நாட்கள் வரும். மற்ற நாளில் உள்ளே விடாத தனியார் மாளிகைகளையும் அப்போது திறந்து காட்டுவார்கள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மூன்று நான்கு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகப் பார்த்துச் செய்வது நல்லது.

3. பணம் கட்டும் முன் ஒரு கடிதம்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி. சாதாரண ஓட்டலில் "இரட்டைப் படுக்கை அறை" என்று பதிவு செய்தால் எந்த மாடியில் கொடுத்தாலும் ஒரே அறைதான். ஷாத்தோவில் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றுக்கு மூன்று ஜன்னல், பளிங்குக் கணப்படுப்பு. பக்கத்து அறைக்குச் சரிந்த கூரை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் முன்பதிவுத் தளத்தில் பொத்தானை அழுத்துவதற்கு முன் நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எளிய ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்புச் செயலி தருகிற பிரெஞ்சிலோ எழுதினால் போதும், பதில் வரும். முதல் வார்த்தை மட்டும் பொன்ஷூர் என்று இருக்கட்டும்.

முதலில் கேட்க வேண்டியது, அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று. படத்தில் கோபுரம் தெரியும். கிடைப்பது பழைய குதிரை லாயத்திலோ ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் வைத்திருந்த கொட்டகையிலோ இருக்கும். அவை மோசம் என்று சொல்ல மாட்டேன். தரைத்தளத்தில் இருக்கும், வாடகை குறைவு, பிள்ளைகள் கதவைத் திறந்தால் நேரே புல்வெளி. ஆனால் கோட்டைக்குள் தூங்கத்தான் வந்தீர்கள் என்றால் "ஷாத்தோவுக்குள்ளேயே" என்று எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. பல ஷாத்தோக்கள் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். சுவரை இடித்து லிஃப்ட் வைக்கவோ வெளியே ஏசிப் பெட்டி மாட்டவோ அரசு அனுமதி வேண்டும், லேசில் கிடைக்காது. கோபுர அறைக்குப் போகிற வழி சுழல்படிக்கட்டாக இருக்கும். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒரு சாண். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. மாமியார் நாற்பத்திரண்டு படி ஏறிவிட்டு மூச்சு வாங்க நின்று, "ஏம்மா, இவ்வளவு பெரிய வீடு கட்டினவங்களுக்கு ஒரு லிஃப்ட் வைக்கக் காசில்லையா?" என்றார். மூட்டுவலி உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் தரைத்தளமோ முதல் மாடியோ கேளுங்கள். பிரான்ஸில் தரைத்தளம் கணக்கில் சேராது. முதல் மாடி என்றால் ஒரு மாடி ஏறித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, எத்தனை பேர், என்ன வயது. பிள்ளைகளின் வயதை மறைக்காமல் எழுதுங்கள். "பக்கத்தில் படுத்துக்கொள்வான்" என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. அறைக்கு இத்தனை பேர் என்றால் அத்தனை பேர்தான். குடும்ப அறை, உள்கதவால் இணைந்த இரண்டு அறை, கூடுதல் கட்டில், குழந்தைத் தொட்டில் என்று எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். இரட்டைக் கட்டிலின் அகலத்தையும் கேட்பது நல்லது. பழைய அறைகளில் 140 சென்டிமீட்டர் கட்டில்தான் இருக்கும். நடுவில் ஒரு பிள்ளை ஏறிவிட்டால் ஒருவர் தரையில்.

சிறு பிள்ளை இருந்தால் அகழி, குளம், நீச்சல்குளம் பற்றியும் விசாரியுங்கள். பழைய அகழியின் ஓரச் சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. மூன்று வயதுப் பையனோடு அப்படி ஓரிடத்தில் தங்கியபோது நான் உட்காரவே இல்லை.

கடைசியாகச் சாப்பாடு. அதற்குத் தனியாகவே சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறேன்.

பதில் வந்து முன்பணம் கேட்பார்கள். அந்த இடத்தில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். "ஆர்" என்று உச்சரிக்கும் முன்பணம் என்றால், நீங்கள் பின்வாங்கினால் கட்டியது போய்விடும், அதோடு முடிந்தது. அவர்கள் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். "அகோன்த்" என்று போட்டிருந்தால் அது உறுதியான ஒப்பந்தத்தின் முதல் தவணை. நீங்கள் வராவிட்டாலும் மீதியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பார்வைக்கு இரண்டும் அட்வான்ஸ்தான், வித்தியாசம் சில நூறு யூரோ.

4. போய்ச் சேருவது

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தேஜேவே அதிவேக ரயிலில் சேன்-பியேர்-தே-கோர். அங்கிருந்து தூர் நகரத்துக்கு இணைப்பு ரயிலில் ஐந்து நிமிடம். விமான நிலையத்திலிருந்தே வருகிறவர்களுக்கு ஷார்ல் தெ கோல் முனையத்திலிருந்து பாரிஸுக்குள் நுழையாமல் சேன்-பியேர் வரும் ரயில்களும் சில உண்டு. பெட்டியும் பிள்ளைகளுமாக மெட்ரோ படிக்கட்டில் ஏறி இறங்குவதை நினைத்தால், அந்த ரயில் நேரத்துக்கு ஏற்ப விமானத்தைத் தேர்ந்தெடுப்பதேகூட லாபம்தான்.

சேன்-பியேரில் இறங்கியதும் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். கார் இல்லாமல் பெரிய அரண்மனைகளைப் பார்த்துவிடலாம். ஷெனோன்ஸோ வாசலிலேயே ரயில் நிற்கும். ஆனால் கிராமத்து ஷாத்தோவுக்குப் பேருந்து கிடையாது, மாலையில் டாக்ஸி தேடுவது லாட்டரி மாதிரி. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் குறைவு, முன்பே சொல்லி வைக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் அளவுக்கேற்ற இருக்கை சட்டப்படி கட்டாயம், அதையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

சாலையில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடங்கள் இரண்டு. கிராமத்துக்குள் குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில், உங்கள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அது டிராக்டராக இருந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். இரண்டாவது பெட்ரோல் பங்க். "கஸோல்" என்று எழுதியிருப்பதைப் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள், அது டீசல். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று இருப்பது பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருப்பது டீசல்.

பொழுது சாய்வதற்கு முன் போய்ச் சேருங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு 19 மணி நேரக் கணக்கு மட்டும் காரணமில்லை. சோலோன்யு காட்டுப் பக்கம் அந்தி நேரத்தில் மானும் காட்டுப்பன்றியும் சாலையைக் கடக்கும். கேட் எண்ணையும் வரைபடத்தையும் போனிலேயே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்ப்ர் தோத் என்றால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுவது மரியாதை. ஒருவர் உங்களுக்காக வீட்டில் காத்திருப்பார்.

போகிற வழியில் ஒரே ஒரு அரண்மனை பாருங்கள். ஒன்றுதான். ஷெனோன்ஸோ என்று வைத்துக்கொள்வோம். ஷேர் ஆற்றின் மேலேயே 60 மீட்டர் நீளத்துக்குக் கூடம் போகிறது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆறுதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லையாக இருந்தது. கூடத்தின் ஒரு கதவு இந்தப் பக்கம், மறு கதவு அந்தப் பக்கம். பிள்ளைகள் கூடத்தின் நடுவில் நின்று எல்லையைத் தாண்டித் தாண்டி விளையாடுவார்கள். மதியம் மூன்றுக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

5. பையில் என்ன

கோடையிலும் ஒரு ஸ்வெட்டர். மீட்டர் கனத்துக்குக் கல்சுவர் என்பதால் ஜூலையிலும் இரவு உள்ளே குளிரும். அந்தச் சுவர்தான் வைஃபையையும் தின்றுவிடும். பிள்ளைகளுக்குப் படம் வேண்டுமென்றால் முன்பே பதிவிறக்கி வையுங்கள். வட்ட முனை அடாப்டர். சுழல்படியில் பெரிய சூட்கேஸ் திரும்பாது, ஆகவே ஓரிரவுக்கான துணியைத் தனிப் பையில் எடுத்துக்கொண்டு மற்றதைக் காரிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம் தின்பண்டம். பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பலில் இறங்கி ஏறினால் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முறுக்கிலிருந்து இடியப்பம் வரை கிடைக்கும். ஆனால் அறைக்குள் சமைப்பதோ குழம்பைச் சூடாக்குவதோ வேண்டாம். நானூறு வருடத்துப் பட்டுச் சுவர்த்துணியிலிருந்து தாளிப்பு வாசனையை யாராலும் எடுக்க முடியாது.

6. மாலை

காரை நிறுத்தியதும் பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடட்டும். நீங்கள் மட்டும் வரவேற்பில் நின்று பொன்ஷூர் சொல்லுங்கள். மாலை ஆறுக்குப் பிறகு பொன்ஸ்வார். இது வெறும் உபசாரம் இல்லை. சொல்லாமல் நேரே "எங்கள் அறை எது" என்று ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். சொல்லிவிட்டு ஆரம்பித்தால் அறையைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். முடிந்தால் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மரச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் வேலைக்காரர் படிக்கட்டு, கூரை உத்தரங்கள், பழைய சமையலறையின் அடுப்பு எல்லாம் விளம்பரத்தில் வராது. நேரம் இருந்தால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஆசையாகக் காட்டுவார்கள்.

அந்தி வெயிலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். இந்தப் பகுதியின் வெள்ளைக் கல்லுக்குப் பெயர் துஃபோ. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மை, அதனால்தான் இத்தனை நுணுக்கமான செதுக்கல் முடிந்தது. அதை வெட்டியெடுத்த குகைகளில் இன்று சிலர் குடியிருக்கிறார்கள், சிலர் மதுவை வைக்கிறார்கள், சிலர் காளான் வளர்க்கிறார்கள்.

இனி இரவுச் சாப்பாடு. உணவகம் ஏழரைக்கு முன் திறக்காது. திறந்தாலும் சாப்பாடு இரண்டரை மணி நேரம் போகும். முதலில் வாய்க்கு ருசிகாட்டக் குட்டித் துண்டு, பிறகு முதல் பதார்த்தம், அப்புறம் முக்கியப் பதார்த்தம், சீஸ், இனிப்பு. பிரான்ஸில் "ஆந்த்ரே" என்பது முதல் பதார்த்தம். "மெனு" என்றால் பட்டியல் என்று நினைக்காதீர்கள். அது விலை நிர்ணயித்த முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் "கார்த்" என்று கேட்க வேண்டும்.

ஆறு மணிக்கே பசிக்கும் பிள்ளைகளுக்கு இது தாங்காது. மூன்று வழி இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் முன்கூட்டியே பரிமாற முடியுமா என்று முதல் நாளே கேட்கலாம். சிறுவர் சாப்பாடு பல இடங்களில் உண்டு, பாஸ்தாவோ கோழியோ தருவார்கள். இல்லையென்றால் குளிர்ந்த உணவுத் தட்டு ஒன்றை அறைக்கே அனுப்பச் சொல்லலாம். மூன்றாவது எங்கள் வழி: வருகிற வழியில் ரொட்டி, பழம், சீஸ், தயிர் வாங்கி வந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, தோட்டத்து மேசையில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவது. செலவில் நூறு யூரோவுக்கு மேல் மிச்சம், பிள்ளைகளும் புல்லில் உருளலாம். ஒரு தடவையாவது அந்த நீண்ட சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கணவர் கட்சி. பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் என்பது என் கட்சி.

சைவக்காரர்கள் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும், முட்டை கட்டாயம் வரும். இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, குறைந்தது இரண்டு நாள் முன்பே எழுதி அனுப்புங்கள். அன்று மாலை சொன்னால் பச்சை இலையும் உருளைக்கிழங்கும்தான். கீஷ் என்ற முட்டைப் பண்டத்தில் தூவியிருக்கும் சிவப்புத் துணுக்கு பன்றி இறைச்சி. தூர் நகரத்து ரியேத் என்று ரொட்டிக்குத் தடவத் தருவதும் அதுதான். கண்டிப்பான சைவம் என்றால் சீஸையும் கேட்டுச் சாப்பிடுங்கள். பாரம்பரியச் சீஸ் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும்.

பயப்படவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஃபுவே என்று ஒரு ரொட்டி உண்டு. குகை உணவகங்களில் விறகு அடுப்பில் போட்டதும் பூரி மாதிரி உப்பி வரும். அதைக் கீறி உள்ளே வெள்ளை மொச்சையும் வெண்ணெயும் வைத்துத் தருவார்கள். மாமியார் நான்கு சாப்பிட்டார். கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள், பாட்டில் வாங்கத் தேவையில்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். மனமிருந்தால் சில யூரோ வைக்கலாம். உடை பற்றியும் ஒரு வார்த்தை: கோட்டு சூட்டு தேவையில்லை, அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். மாமியார் பருத்திப் புடவையில்தான் வந்தார். அன்று மண்டபத்திலேயே நன்றாக உடுத்தியிருந்தவர் அவர்தான்.

7. இரவும் காலையும்

தரைப்பலகை முனகும், குழாய் உறுமும், மேலே யாரோ நடப்பதுபோல இருக்கும். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறைவிளக்கை அணைத்தால் கிராமத்து இருட்டு உண்மையான இருட்டு; கழிப்பறைக்குப் போக ஒரு சின்ன டார்ச் தேவை. கழிப்பறை குளியலறைக்குள் இல்லாமல் தனியாக இருக்கலாம். பல இடங்களில் தொட்டிக் குளியல்தான், கைப்பிடி ஷவரை மேலே மாட்டக் கொக்கி இருக்காது. மரத்தளத்தில் தண்ணீர் சிந்தாமல் உட்கார்ந்தபடி குளிக்க வேண்டும். கணப்படுப்பு அழகுக்கு வைத்ததா எரிக்கக் கூடியதா என்று கேட்காமல் தீப்பெட்டியைத் தொடாதீர்கள். அவசரம் என்றால் 112. ஆனால் வீட்டுக்காரரின் எண்ணையும் வாங்கி வையுங்கள், இரவில் வரவேற்பு மேசையில் ஆள் இருக்க மாட்டார்கள்.

காலையில் ஏழு மணிக்கு எழுந்துவிடுங்கள். உணவு பெரும்பாலும் எட்டுக்குத்தான். அந்த ஒரு மணி நேரம் தோட்டம் முழுக்க உங்களுடையது. பனி இறங்கியிருக்கும், புல் நனைந்திருக்கும், சில இடங்களில் மான்கூட வரும். பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடேயே பூட்ஸ் மாட்டி இறக்கிவிடுவேன். உணவு என்றால் குரோசான், ரொட்டி, வெண்ணெய், வீட்டு ஜாம், பழச்சாறு, காபி. காரமாக ஒன்றும் இருக்காது. நான் ஊறுகாய் பாட்டிலை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கணக்கு முடிக்கும்போது பில்லில் தங்கும் வரி என்று ஒன்று தனியாக இருக்கும். பெரியவர்களுக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என்று உள்ளூராட்சி போடுவது அது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது. பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டிருந்தால் சொல்லித் திருத்துங்கள்.

சாவியைக் கொடுத்ததும் உடனே கிளம்பிவிட வேண்டியதில்லை. காரையும் பையையும் விட்டுவிட்டு மதியம் வரை தோட்டத்தில் இருக்கலாமா என்று கேளுங்கள். இதுவரை எங்களை யாரும் மறுத்ததில்லை. அங்கிருந்து அம்புவாஸ் போனால் லியொனார்தோ தா வின்சி கடைசி மூன்று வருடங்கள் வாழ்ந்து 1519இல் இறந்த க்ளோ லூசே வீடு இருக்கிறது. அவர் வரைந்த எந்திரங்களைப் பெரிதாகச் செய்து பூங்காவில் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறிச் சுற்றிப் பார்க்கலாம். மாலை ஆறு மணி ரயிலுக்குச் சேன்-பியேர் திரும்ப அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டாங்கை நிரப்ப மறக்காதீர்கள். வட்டமா சதுரமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.